ஒன்பது காலடி

விஜயராஜ் சார் சண்முகப்ரியா செய்த எட்டு நொடி அனிமேஷன் படத்தை மூன்று தரம் ஓட்டினார்.

“கால் வழுக்குது” என்றார். “ஊனின கால் ஊனின இடத்துல நிக்கணும். முதல் வருஷப் பாடம். இது நடக்கல, சறுக்குது.”

“தேரி மணல் சார் அது. அப்படித்தான் இழுக்கும்.”

“நானும் தினம் கடற்கரையில நடக்கேன். என் கால் பின்னால போகலையே.”

கடற்கரை ஈர மணல் வேறு, உடன்குடித் தேரி என்னும் செம்மணல் மேட்டின் உலர் மணல் வேறு. அதைத் தூத்துக்குடிக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“திங்கட்கிழமை திருத்திக் கொண்டா. சென்னை ஸ்டுடியோ பயிற்சிக்கு அஞ்சு பேர் அனுப்பணும். இந்த ப்ராஜெக்ட் தேறலைன்னா உன் பேரை எழுத முடியாது.”

கடைசி வருடம். அனிமேஷன் வகுப்பில் இருபத்தாறு பேர். பட்டியலில் ஐந்து இடம்.

படத்தில் நடப்பது அவள் அம்மா முத்துக்கனி. அங்கன்வாடி ஊழியர். தினமும் காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தேரியைக் கடந்து வேலைக்குப் போவாள். ஒன்பது காலடி, அவ்வளவுதான் படம்.

“ஏளா, மணலத் தூக்கிட்டுத் தார் ரோடு போடு” என்றாள் பக்கத்துக் கணினியில் இருந்த ஜெப்ஸி. “காலத் தரையோட சேத்துப் பூட்டு. பத்து நிமிஷ வேலை. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க.”

பத்து நிமிடம்தான் ஆனது. கால் வழுக்கவில்லை. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சாலையில் அம்மா இல்லை, யாரோ ஒருத்தி நடந்து போனாள். ப்ரியா அதற்குத் ‘தார்’ என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஜெப்ஸியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். அம்மா நடப்பதைப் படம் எடுத்துச் சாருக்குக் காட்டிவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு.

அம்மா பச்சைப் பட்டுச் சேலையில் வந்து நின்றாள். தலை நிறையப் பூ.

“எம்மா, கல்யாணத்துக்கா போற? சும்மா நடம்மா.”

“நடக்கத்தானே செய்யுதேன். பின்ன ஓடுதேனா?”

ஒவ்வோர் அடியையும் எண்ணி வைத்தாள். முகத்தைக் கேமராவைவிட்டுத் திருப்பவே இல்லை. நாலு தரம் எடுத்தார்கள். நாலும் வீண்.

ஐந்தாவது தரம் அம்மாவின் போன் அடித்தது. அங்கன்வாடிக்குச் சத்துமாவு வண்டி வந்துவிட்டதாம், கையெழுத்துப் போட ஆளில்லையாம். முத்துக்கனி பட்டுச் சேலையைக் கொசுவத்தோடு தூக்கிச் செருகினாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள். “ஏளா, அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுத் தேரியில் இறங்கிப் போனாள். படம் பிடித்துக்கொண்டிருந்த ஜெப்ஸி தன் போனை அணைக்கவில்லை.

மடிக்கணினியில் அதை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தார்கள்.

“வழுக்கத்தான் செய்யுது ப்ரியா” என்றாள் ஜெப்ஸி. “ரெண்டு விரக்கடை பின்னால போவுது. நீ போட்ட அளவு அச்சு அசல். சாருக்கு இதக் காட்டு, சோலி முடிஞ்சுது.”

ப்ரியா காலைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் இறங்கியதும் ஓரத்தில் ஒரு வரம்பு எழும்பியது. பெருவிரல் உந்தியதும் வரம்பு உடைந்து பள்ளத்துக்குள் சரிந்தது. அடுத்த அடி விழுவதற்குள் பள்ளம் பாதி மூடிவிட்டது.

அவள் படத்தில் தரை என்பது செம்பழுப்பாக ஒரு பட்டை. இருபது வருடம் அந்த மண்ணில் நடந்தவளுக்கு அதை வரையத் தோன்றியதே இல்லை.

“சார் சொன்னதும் சரிதான்” என்றாள். “கால் மட்டும் வழுக்கினா சறுக்குன மாதிரித்தான் இருக்கும்.”

மணலைக் கணினியே உருவாக்கும்படி விட்டால் ஜெப்ஸியின் மடிக்கணினி மூச்சு முட்டி நின்றது. கையால்தான் வரைய வேண்டும். ஒரு காலடிக்குப் பன்னிரண்டு படம். ஒரு பள்ளத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. எந்த இரண்டு பள்ளமும் ஒன்றுபோல மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்து காலடி முடிந்திருந்தது. விரல் மடங்கவில்லை.

திங்கட்கிழமை அவளிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. ‘தார்’ முழுசு. ‘மணல்’ பாதி.

“தாரக் காட்டுளா, கிறுக்கி” என்று ஜெப்ஸி கிசுகிசுத்தாள்.

அவள் மணலைத் திறந்தாள்.

சார் குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து. ஆறாவது காலடியில் விரலை நீட்டினார்.

“இந்தா, இங்க வழுக்குது.”

“எல்லாத்துலயும் அதே அளவுதான் சார் வழுக்குது. ஆறுல இருந்து மண்ணு வரையல. நேரமில்ல.”

சார் அவளை ஒருமுறை பார்த்தார். படத்தைத் திரும்ப ஓட்டினார். முதல் காலடியில் நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினார். மண் எழும்பியது, உடைந்தது, சரிந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இன்னும் எத்தனை?”

“நாலு காலடி. நாப்பத்தெட்டுப் படம் சார்.”

“லிஸ்ட் வியாழக்கிழமைதான் போகுது. புதன் சாயங்காலம் லேப் பூட்டுறதுக்குள்ள முடிச்சுரு.” எழுந்தவர் நின்றார். “தேரி எங்கன இருக்கு? எந்த பஸ்?”

மதியம் அம்மா போனில் கூப்பிட்டாள்.

“ஏளா, சார் என்ன சொல்லுதாரு? பாஸா?”

“இன்னும் நாலு காலடி கெடக்கும்மா.”

“அது கெடக்கட்டும். படத்துல எனக்குப் பச்சச் சேலையத்தானே போட்டிருக்க?”

படத்தில் அம்மா உடுத்தியிருந்தது வெளுத்துப்போன நீல நூல் சேலை. ப்ரியா பேனாவை எடுத்து, ஆறாவது காலடியின் பள்ளத்தை வரையத் தொடங்கினாள்.

“ஆமாம்மா” என்றாள்.