பதினேழு ‘ஒர்க் ஆகிறது’

அந்த வாரப் பத்திரிகையில் அவளைக் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அடுத்தவர் எழுத்தைத் திருத்துவதே அவள் பிழைப்பு. அரசியலோ ஆரோக்கியமோ, அவள் மேஜையைத் தாண்டாமல் அச்சுக்குப் போகாது. எதற்கும் அலுத்துக்கொள்ளாதவள், வெள்ளிக்கிழமை இதழுக்கான சினிமா விமர்சனம் வந்தால் மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள்.

விமர்சகரின் பத்திக்கு ‘அலசல்’ என்று பெயர். அதனால் அவர் அலசலார். ஊரே மெச்சிய அந்த மனிதரிடம் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல். பிடித்தால் ‘ஒர்க் ஆகிறது’, பிடிக்காவிட்டால் ‘ஒர்க் ஆகவில்லை’. காதல் ஒர்க் ஆகிறது, சண்டை ஒர்க் ஆகவில்லை, அப்பா சாகிற காட்சி பாதி ஒர்க் ஆகிறது. மிக்சி ஓடவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால்கூட, “சுத்தவே இல்லையா, சுத்தி நின்னுபோச்சா?” என்று கடைக்காரன் கேட்பான். அலசலாரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

கேட்காமலே கண்டுபிடிப்பது காற்புள்ளியின் வேலையாகிப்போனது. சில வாரம் படத்தையே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒவ்வொரு ‘ஒர்க் ஆகிறது’வையும் அடித்துவிட்டு, ‘சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது’, ‘தொண்டை அடைக்கிறது’, ‘அடுத்து என்ன என்று நகம் கடிக்கவைக்கிறது’ என்று எழுதுவாள். ‘ஐயாவின் வளமான தமிழ்’ என்று வாசகர் கடிதங்கள் குவியும். அலசலார் அவற்றை அவள் மேஜையில் பரப்பி, “நிறையப் படிக்கணும்மா. அப்பதான் இந்த மாதிரி சொல் வந்து விழும்” என்று உபதேசமும் செய்வார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதிய பெண் இயக்குநர் ஒருவரின் முதல் படத்தை விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அலசலாரோடு அவளையும் ஆசிரியர் அனுப்பிவைத்தார். பிரிவியூ தியேட்டர் ஆபரேட்டர் அவளுடைய அக்கா புருஷன்தான்.

அவளைத் தவிர பதினொரு விமர்சகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளை வரை எல்லாம் சரியாகப் போயிற்று. அதற்குப் பிறகு நடிகர்கள் வாயைத் திறந்தார்கள்; குரல் வரவில்லை. மழை பெய்யும் சத்தம் கேட்டது, கதவு சாத்துவது கேட்டது, வயலின் கேட்டது. கதாநாயகியும் அவள் தங்கையும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டார்கள். ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை.

பத்துப் பேரும் அலசலாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மோவாயில் விரலை வைத்து மெல்லத் தலையாட்டினார். மற்ற தலைகளும் ஆடத் தொடங்கின. காற்புள்ளி மட்டும் எழுந்து ஆபரேட்டர் அறைக்கு ஓடினாள்.

“மாமா, குரலே வரல!”

“தெரியும்மா. வாய்ஸ் மொத்தமும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். அதுக்குப் போற ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சு” என்றார் அவர், சட்டையெல்லாம் வியர்வையாக. “படத்தை நிறுத்தவான்னு படக் கம்பெனி விளம்பரக்காரர்கிட்ட கேட்டேன். நிறுத்தாதே, பெரியவர் ரசிச்சுக்கிட்டு இருக்காருன்னுட்டார்.”

வியாழக்கிழமை கட்டுரை வந்தது. எண்ணிப் பார்த்தாள்; பதினேழு ‘ஒர்க் ஆகிறது’. கடைசியாக இப்படி: ‘இடைவேளைக்குப் பின் வசனத்தையே துறந்த இயக்குநரின் துணிச்சல் அபாரமாக ஒர்க் ஆகிறது. உதடுகள் அசைகின்றன, மௌனம் பேசுகிறது.’

போன் போட்டாள். “சார், அது மௌனம் இல்ல. ஸ்பீக்கர் ரிப்பேர். ஆபரேட்டரே சொன்னார்.”

“ஆபரேட்டருக்கு சினிமா பத்தி என்னம்மா தெரியும்? நான் முப்பது வருஷமா படம் பாக்குறேன். எனக்கு ஒர்க் ஆச்சு.”

ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவர் எழுத்துல கை வைக்காதம்மா. அப்படியே விடு” என்றார்.

அப்படியே விட்டாள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. பதினேழும் பதினேழாகவே அச்சேறின. பத்திரிகை கையில் வந்ததும் யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. மற்ற பத்துப் பேரும் மௌனத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘மௌனத்தின் கூக்குரல்’ என்று தலைப்பே வைத்திருந்தார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று பதினொரு பேர் எழுதினால், கேட்கிறவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடத்தானே செய்வான்!

அந்த வெள்ளிக்கிழமையே படம் வெளியாயிற்று. மௌனத்தைப் பார்க்க வந்த ஜனங்களுக்கு, இடைவேளைக்குப் பிறகு அக்காளும் தங்கையும் போட்ட வாய்ச்சண்டை முக்கால் மணி நேரம் காதைக் கிழித்தது. மௌனம் எங்கே என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அலசலார் அசந்துவிடுவாரா? அடுத்த வெள்ளிக்கிழமை எழுதினார்: ‘நான் கண்ட மௌனக் காவியத்தில், யாருடைய நெருக்கடிக்கோ பணிந்து வசனத்தைச் சேர்த்துவிட்டார்கள். இந்த மாற்றம் ஒர்க் ஆகவில்லை.’ குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

திங்கட்கிழமை அந்த இயக்குநரே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. ஆசிரியர் அறையில் அலசலார் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தக்கூட இல்லை அவள்.

“சார், நான் எதையும் சேர்க்கல. படம் முதல்லேர்ந்தே அப்படித்தான் இருக்கு.”

“நான் பார்த்த படத்துல வசனம் இல்லம்மா.”

காற்புள்ளி தன் மேஜையிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனாள். “அன்னைக்கு தியேட்டர்ல ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சு. குரல் மட்டும் கேக்கல. சாருக்கு வியாழக்கிழமையே சொன்னேன். உங்ககிட்டயும் சொன்னேன் சார்” என்று ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் பேனா மூடியைத் தேடினார்.

இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அலசலாருக்கு எதிரே உட்கார்ந்தாள். “சரி சார், அது போகட்டும். வசனம் ஒர்க் ஆகலன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா, என்ன ஆகல? புரியலையா? நீளமா இருக்கா? பொய்யா இருக்கா? சொல்லுங்க, அடுத்த படத்துல திருத்திக்கிறேன்.”

அலசலார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“அது வந்தும்மா… ஓவரால்லா… ஒர்க் ஆகல.”

முப்பது வருட அனுபவம் அத்தனையும் அவ்வளவுதான். காற்புள்ளிக்குச் சிரிப்பு வந்தது; பின்னாலேயே ஒரு கசப்பும் வந்தது. இந்த ஓட்டைப் பானைக்கு இத்தனை வருடம் மண் பூசி மெழுகியவள் அவள்தானே.

திருத்தம் எழுதச் சொன்னார் ஆசிரியர். ‘ஒலிபெருக்கி பழுதானதை எங்கள் விமர்சகர் மௌனம் என்று நினைத்துவிட்டார்; படத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை’ என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள். ‘தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட சிறு கருத்து மயக்கத்துக்கு வருந்துகிறோம்’ என்று அச்சில் வந்தது, கடைசிப் பக்கத்தில், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே. அலசலார் மானம் போயிற்று என்று கோபித்துக்கொண்டு வேறொரு பத்திரிகைக்குப் போனார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. அங்கே அவருக்கு முழுப் பக்கம். திருத்த ஆளில்லாமல் ‘ஒர்க் ஆகிறது’ பொலபொலவென்று கொட்டுகிறது. வாசகர்கள் அதை அவருடைய தனி நடை என்கிறார்கள்.

திருத்தம் வந்த வார ஞாயிறு மாலை காற்புள்ளி அக்காவோடும் மாமாவோடும் போய், அந்தப் படத்தைக் குரலோடு பார்த்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது தெரிந்து திங்கட்கிழமை இயக்குநர் போன் செய்து, “எப்படி இருந்துச்சுக்கா? உண்மையச் சொல்லுங்க” என்றாள்.

“மாடிப்படியில நின்னு தங்கச்சி சொல்றாளே, ‘உனக்கு நான் எப்பவும் இரண்டாவது ஆள்தான்’னு. அங்க என் அக்காவப் பார்க்க எனக்கே கூச்சமா இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறமும் நாலு வாக்கியம் பேச விட்டுட்டே. வந்த அழுகை திரும்பிப் போயிடுச்சு.”

“அந்த நாலு வாக்கியத்தையும் ஏன் வெச்சேன் தெரியுமாக்கா?” என்று ஆரம்பித்தாள் இயக்குநர். இவள் விடவில்லை, அவளும் விடவில்லை. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.