பதின்மூன்றாம் தேதிக் கையெழுத்து

"பால்கனிக் கதவைச் சாத்து. காத்து பட்டா எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும்," என்றான் தெல்ச்சோ, அவித்த முட்டையை உரித்தபடி. கீழே யாரோ குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகை மூன்றாம் மாடி வரை ஏறி வந்தது.

"கழுத்து உன்னுது. நீயே சாத்து," என்றாள் அவன் மனைவி தொன்கா.

சிரித்துக்கொண்டே எழுந்து சாத்தினான். முட்டையைத் தின்றான். ஆபீஸ் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கியவன் இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று செப்டம்பர் பத்து.

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் அவர்களுடைய காப்பீட்டு ஆபீஸ். ஏஜென்ட் லைசென்ஸ் தெல்ச்சோ பெயரில் இருந்தது. தொன்காவுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மாமியார் படுக்கையில் விழுந்த வருடம் அதைப் புதுப்பிக்காமல் விட்டாள். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. ஆனால் வேலையெல்லாம் அவள்தான். விண்ணப்பம் நிரப்புவாள், கம்ப்யூட்டரில் அவன் லைசென்ஸ் எண்ணைத் தட்டுவாள், அவன் வெளியே போயிருந்தால் கையெழுத்தையும் போட்டுவிடுவாள். யாம்போல் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். யாரும் அதை ஒரு தப்பாக நினைத்ததில்லை, அவள் உட்பட.

மரண அறிவிப்பை நாத்தனார் கலினா அச்சடித்துக்கொண்டு வந்தாள். படம், பெயர், இறந்த தேதி. கட்டட வாசலில், பஸ் நிறுத்தக் கம்பத்தில், ஆபீஸ் கதவில் என்று தொன்காவே தன் கையால் ஒட்டினாள்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் யோவ்ச்சோ வந்து ஆபீஸ் கதவைத் தட்டினான். வேன் ஓட்டுகிறவன். ஆட்களைத் திராட்சை பறிக்கக் கிரீஸுக்கு ஏற்றிப் போவான்.

"கடவுள் அவர் ஆத்மாவை மன்னிக்கட்டும், அக்கா. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். வேன் இன்சூரன்ஸ் இன்னியோட முடியுது. விடிஞ்சா எல்லையில நிக்கணும்."

அவள் உட்கார்ந்தாள். விரல்கள் தாமாகவே தெல்ச்சோவின் எண்ணைத் தட்டின. தாள் வந்தது. கையெழுத்துப் போட்டாள், எப்போதும்போல அவன் பெயரை, அந்த நீளமான வாலோடு. தேதி பதின்மூன்று. யோவ்ச்சோ போனபின் கதவைச் சாத்தத் திரும்பியவள், தான் ஒட்டிய தாளைப் பார்த்தாள். பத்து. திரும்பிப் போய்ப் பாலிசி நகலை எடுத்துப் பார்த்தாள். பதின்மூன்று.

புதுவருடத்துக்குள் உங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்குங்கள், இல்லாவிட்டால் வாடிக்கையாளர்களை வேறு ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தலைநகர் சோஃபியாவில் தேர்வு, அக்டோபர் இருபத்திரண்டு. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்குமூலம்: உரிமம் இல்லாத காலத்தில் நான் யாருக்கும் காப்பீடு விற்றதில்லை. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மற்ற எல்லாப் பக்கத்தையும் நிரப்பிவிட்டு அதை மட்டும் விட்டுவைத்தாள். பொய்யென்று தெரிந்தால் லைசென்ஸ் இந்த ஜென்மத்தில் இல்லை. உண்மையை எழுதினாலும் கிடைக்குமா என்று தெரியவில்லை. கதவில் நிழல் விழுந்தாலே விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

நாற்பதாம் நாள் நினைவுக்குக் கலினா புதுத் தாள்கள் கொண்டுவந்தாள். அதிலும் அதே தேதி.

"ஆபீஸ் கதவுல வேண்டாமே," என்றாள் தொன்கா.

"ஏன், வர்றவங்க பயந்துருவாங்களா? என் தம்பி உயிரோட இருந்தப்பவே அவன் மூஞ்சிக்கு யாரும் பயந்ததில்ல," என்று சொல்லிக் கலினா அழுத்தி ஒட்டினாள்.

மறுநாள் யோவ்ச்சோ கையில் கட்டோடு வந்தான். எல்ஹோவோ சாலையில் வேன் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதியிருந்தது. அவருக்கு இடுப்பெலும்பு முறிவு.

"கம்பெனியிலேர்ந்து கேட்டாங்க, யார்கிட்ட பாலிசி எடுத்தேன்னு. கவலைப்படாதீங்க அக்கா, உங்க பேரை நான் இழுக்கல. தெல்ச்சோ அண்ணனே நேர்ல உக்காந்து எழுதிக் குடுத்தார்னு சொல்லிட்டேன். எழுதியும் குடுத்துட்டேன்."

"என்னைக்குன்னு எழுதின?"

"பாலிசியில இருக்கற தேதிதான். பதிமூணு."

"பைத்தியக்காரா! ஊர்ல இருக்கற ஒவ்வொரு கம்பமும் அவன் பத்தாம் தேதி செத்துட்டான்னு சொல்லுதே!"

யோவ்ச்சோ கதவில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தான். "நல்லது பண்ணணும்னுதான் அக்கா..." என்றான்.

இருபத்தொன்றாம் தேதி காலை கம்பெனி சர்வேயர் ராஷ்கோவ் வந்தார். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவுத் தாளைப் படித்தார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. தொன்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பேசாமல் இருந்தால் யோவ்ச்சோவின் பொய் முதலில் சிக்கும். அவன் வேனும் போகும், அவனும் உள்ளே போவான்.

கதவு திறந்தது. "ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார் ராஷ்கோவ். "ஒரு பாலிசி விஷயமா..."

"அந்தக் கையெழுத்து என்னுது," என்றாள். "யோவ்ச்சோ எழுதிக் குடுத்தது எனக்காகச் சொன்ன பொய். அவனை விட்டுருங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியை மேசையில் வைத்தார்.

"அம்மா, அடிபட்டவருக்குக் கம்பெனி குடுத்துரும். பாலிசி எங்க பேர்ல வந்தது, அதை நாங்க மறுக்க முடியாது. யோவ்ச்சோ வந்து அந்தத் தாளை மாத்தி எழுதட்டும். ஆனா உங்களைப் பத்தி நான் எழுதித்தான் ஆகணும். மேல என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் போனதும் அவள் விண்ணப்பத்தை எடுத்தாள். வாக்குமூலத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினாள்: விற்றேன், கடைசியாகச் செப்டம்பர் பதின்மூன்று, இறந்த என் கணவர் கையெழுத்தில். மறுநாள் சோஃபியாவில் தேர்வு எழுதினாள். விண்ணப்பத்தை வாங்கிய பெண் அந்த ஓரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனாள்.

தேர்வில் தேறிவிட்டாள் என்று நவம்பரில் தெரிந்தது. உரிமம் பற்றி ஒரு வரியும் இல்லை. புதுவருடம் வந்தது. வாடிக்கையாளர்கள் வேறு ஏஜென்ட்டிடம் போனார்கள். தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு அவள் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பாள். போலீஸ் கடிதமாகத்தான் இருக்கும் என்று தோன்றும்.

மார்ச் கடைசியில் கடிதம் வந்தது, போலீசிலிருந்து அல்ல. அபராதம், எச்சரிக்கை, ஏப்ரல் ஒன்று முதல் ஏஜென்ட்டாகப் பதிவு. நின்றபடியே மூன்று முறை படித்தாள். பெயரின் கீழே பதிவு எண் இருந்தது: 2716. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் புதுப்பிக்காமல் விட்ட அதே எண்.