கடைமடைக்குப் போன தண்ணீர்

தண்ணீர் திறந்து ஒரு வாரமாகியும் தன் வயல் நனையவில்லை என்று தங்கப்பொண்ணு போன் செய்தபோது, பாண்டீஸ்வரி தல்லாகுளம் ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் முடியும் கடைமடையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதாகத் திரை சொன்னது.

"இங்க தண்ணி காட்டுதேக்கா."

"ஒங்க பொட்டியில காட்டும். எங்க வயலு வெடிச்சுக் கெடக்கு. வந்து பாருங்க."

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிளை வாய்க்கால் அது. கரையோரம் கம்பங்களை நட்டு, அவற்றுக்குள் நீர்மட்டம் அளக்கும் கருவிகளை வைத்திருந்தது அவளுடைய கம்பெனி. கருவி சொல்லும் சேதியை மேலே பறக்கும் ட்ரோன் வாங்கி வரும். ட்ரோன் பறக்காத நேரத்தில் சாட்டிலைட் வழியாக வரும். எப்படி வந்தாலும் பிளாக்செயினில் ஏறிவிடும். ஒரே பதிவு எல்லா இடத்திலும் இருப்பதால், ஓரிடத்தில் யாராவது திருத்தினால் மற்றவை ஒப்புக்கொள்ளாது. கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அங்குள்ள கருவி சொன்னால்தான் வாய்க்கால் தொடக்கத்திலுள்ள தலைமடை வயல்களுக்கான மதகு தானாகத் திறக்கும்.

இனி யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று ஊர்க்கூட்டத்தில் விளக்கியவளே பாண்டீஸ்வரிதான். அவளுடைய சித்தப்பா பேயாண்டிக்குத் தலைமடையில் நிலம் இருந்தது. அன்று அவர்தான் நிறையக் கேள்வி கேட்டார்.

இப்போது அவளுக்குச் சந்தேகம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் சூரியபிரகாஷ் மேல். கருவிகளின் ரகசியச் சாவிகளெல்லாம் அவன் பொறுப்பு. சாவி கையிலிருந்தால் ஒரு கருவியின் பெயரில் என்ன பொய்யும் அனுப்பலாம். கொஞ்ச நாளாகவே போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுகிறான். அவன் சாப்பிடப் போன நேரம், அவன் லாகினிலேயே நுழைந்து, அவன் சாவிகளைத் தொட்ட விவரங்களை எடுத்துப் பார்த்தாள். தவறாக எதுவும் இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்ததே அவளுக்கு உறுத்தியது.

திரும்பி வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். "என் லாகின்ல யாரோ நொழைஞ்சிருக்காக."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாய்க்கால் கரையில் ட்ரோன் ஓட்டும் கனகா காத்திருந்தாள். கடைமடை ஊர்க்காரி. பாண்டீஸ்வரியிடம் எப்போதும் அளந்துதான் பேசுவாள். தங்கப்பொண்ணு முன்னே நடந்து வயலைக் காட்டினாள். நாற்று பழுத்துக் கிடந்தது. கம்பம் நட்ட இடத்திலேயே நின்றது. பாண்டீஸ்வரி மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே ஒரு கல்தான் இருந்தது.

கையிலிருந்த போனிலோ, அதே கருவி முழங்கால் தண்ணீர் என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது.

"கழட்டத் தெரிஞ்சவகதான் கழட்டிருக்காக," என்றாள் கனகா. "மேடம், நீங்களும் தலைமடை ஆளுதான?"

பாண்டீஸ்வரி சூரியபிரகாஷை அழைத்தாள். "சூர்யா, கடைமடைக் கருவியக் கூப்புட்டு, விடாமப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லு. அது எங்க இருந்து பேசுதுன்னு ட்ரோன வச்சுத் தேடுறோம்."

"என்னைய நம்பித்தான் கேக்குறீங்களா?"

"நம்பித்தான் கேக்குறேன்."

கனகா ட்ரோனை ஏற்றினாள். வாய்க்காலை ஒட்டி அது மேற்கே போகப் போகச் சிக்னல் கூடியது. இரண்டு பேரும் ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தார்கள். சிக்னல் உச்சத்துக்கு வந்தது பேயாண்டியின் மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஒரு சிமெண்டுத் தொட்டிக்கு மேலே. தொட்டிக்குள் கயிற்றில் கட்டித் தொங்கியது கருவி. பக்கத்திலிருந்த மதகு திறந்தே கிடந்தது.

பேயாண்டி துண்டை உதறியபடி வந்தார். பதறவில்லை.

"இதுல பொய் எங்கத்தா இருக்கு? தொட்டியில தண்ணி இருக்கு. இருக்குன்னுதான் அது சொல்லுச்சு."

"கடைமடையில இருக்குன்னு சொல்லுச்சு, சித்தப்பா."

"எங்க இருந்து பேசுறன்னு அதை யாரும் கேக்கலையே. கம்பத்தைப் பத்திரமாப் பாத்துக்கங்க, எடம் மாறுனா மிசினுக்குத் தெரியாதுன்னு கூட்டத்துல நீதான சொன்ன." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் நானே திருப்பி மாட்டிருறேன். வீட்டு விசயம் வீட்டோட இருக்கட்டும்."

கனகா ட்ரோனை இறக்காமல், பாண்டீஸ்வரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாண்டீஸ்வரி கருவியையும் தொட்டியையும் படமெடுத்தாள். சித்தப்பாவின் பெயரோடு தன் சாவியைப் போட்டுப் பதிவேற்றினாள். ஏறியதை இனி அவளாலும் அழிக்க முடியாது. பதிவு ஏறியதும் மதகு தானாக மெல்ல இறங்கியது.

மறுநாள் தங்கப்பொண்ணு வயலுக்குத் தண்ணீர் வந்தது. பாதி நாற்று பிழைத்தது. பாசன சங்கம் பேயாண்டியின் முறைத் தண்ணீரை நிறுத்தி வைத்தது. சித்தி வீட்டிலிருந்து போன் வருவது நின்றுபோனது. பாண்டீஸ்வரி சூரியபிரகாஷிடம் மன்னிப்புக் கேட்டாள். "பரவால்ல" என்றவன், அன்றே தன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

அடுத்த வாரம் எல்லாக் கம்பங்களையும் திறந்து சரிபார்த்துவிட்டுப் பாண்டீஸ்வரி கரையேறினாள். கனகா அதே கம்பங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள்.

"நான் பாத்துட்டேனே கனகா."

"தெரியும் மேடம்," என்றாள் கனகா, நிமிராமல். "நானும் பாத்துக்கிறேன்."