பனி மூடிய ஒரு மணி நேரம்

தென்துருவக் கண்டத்தில் எரெபஸ் என்றொரு எரிமலை இருக்கிறது. சுற்றிலும் பனி. அதன் வாய்க்குள் மட்டும் நெருப்புக் குழம்பு ஓர் ஏரியாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. விளிம்பில் நட்டிருக்கும் வீடியோ கமெரா நாளுக்கு நாலு மணி நேரம் அந்த ஏரியைப் படம்பிடிக்கும். கசெட்டுகள் வாரம் ஒருமுறை விமானத்தில் ஒக்லாந்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். 1996 கடைசியில், அந்தக் கசெட்டுகளைப் போட்டுப் பார்த்து, பெரிய வெடிப்புகள் எத்தனை என்று எண்ணி எழுதுகிற இரண்டு பேரில் நான் ஒருத்தி. மற்றவர் ரங்கநாதன்.

ஏன் இரண்டு பேர் என்றால், ஒருவர் தவறவிடுவதை மற்றவர் பிடிக்கவேண்டும் என்பதற்காக. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. இருவரும் தனித்தனியே உறையில் போட்டு ஒட்டி, எங்கள் மேலாளர் மொரீனின் தட்டில் வைப்போம். வாரக்கணக்கு இருபதைத் தாண்டினால் மலையில் தங்கியிருக்கும் ஆய்வாளர்கள் மூன்று பேரும் விளிம்புக்கு ஏறமாட்டார்கள். தாண்டாவிட்டால் ஏறுவார்கள். வெள்ளிக்கிழமை மொரீன் ரேடியோவில் சொல்லுவதுதான் முடிவு.

எனக்கு என் கண்ணில் நம்பிக்கை குறைவு. வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பி ஓடுகிற ஆள் நான். ஏரியை ஆவி மறைத்திருக்கும்போது ஒரு வெளிச்சம் தெரிந்தால், அது வெடிப்பா இல்லையா என்று நாலு தரம் திருப்பிப் பார்ப்பேன். அப்படியும் தெரியாவிட்டால் கணக்கில் சேர்க்காமல் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். உண்மையில் வெடிப்பாக இருந்தால் ரங்கநாதன் பிடிப்பார்தானே.

ஆனால் மொரீன் உறைகளைத் திறக்கும்போது அவர் கணக்கு ஒவ்வொரு வாரமும் என்னுடையதோடு அச்சொட்டாகப் பொருந்தியது. பத்து வாரம். ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. என் கண் சரியாகத்தான் பார்க்கிறது. அந்தச் சந்தோசத்தைக் கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கூட வைத்தேன். இப்போது அந்தப் பக்கங்களைத் திறந்தால் உடனே மூடிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நான் புள்ளிவிவர மாலை வகுப்புக்குப் போவேன். டிசம்பர் முதல் வார வீட்டுவேலை சுலபமானது. இரண்டு பேர் ஒரே இடத்தில் இருந்து, ஒரே பொருளை, தனித்தனியே எண்ணிவரவேண்டும். சனிக்கிழமை அக்கா கிருசாந்தியை இழுத்துக்கொண்டுபோய் சான்ட்ரிங்ஹாம் வீதியில் மளிகைக்கடை வாசல் வாங்குப் பலகையில் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் போகிற வெள்ளைக் கார்களை எண்ணுவது.

"உனக்கு வேற வேலையில்லையேடி? சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது," என்றாள் அக்கா.

"கதைக்காம எண்ணு அக்கா."

"சாம்பல் நிறம் வெள்ளையோ?"

"கேக்கக்கூடாது. நீயா முடிவெடு."

முடிவில் என் கணக்கு எழுபத்திரண்டு. அவளுக்கு அறுபத்தைந்து. "நீ பிழை," என்றாள் உடனே. பிறகு ஐஸ்கிரீம் கேட்டாள்.

வகுப்பில் எல்லோருடைய சோடிக் கணக்குகளையும் பலகையில் எழுதினார்கள். பதினோரு சோடி. ஒரு சோடிகூடப் பொருந்தவில்லை. பலகையைப் பார்த்தபடி இருந்தபோது என் கழுத்து சூடாகியது. வெள்ளைக் காரை எண்ணிய இரண்டு பேருக்கே ஏழு வித்தியாசம். ஆவிக்குள் வெடிப்பை எண்ணும் எங்கள் இருவருக்கும் பத்து வாரமாக ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த நாள் காலை எல்லோருக்கும் முன்னே அலுவலகம் போனேன். அந்த வாரத்து உறைகளை மொரீன் முதல்நாளே திறந்திருந்தாள். எனக்குப் பதினாலு, அவருக்கும் பதினாலு. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக் கசெட்டுகளைப் போட்டு வேகமாக ஓட்டிப் பார்த்தேன். நாலாவது கசெட்டில் மூன்றாம் மணி தொடங்கியதும் கமெராக் கண்ணாடியில் பனி ஏறியது. திரை முழுக்க வெள்ளை. ஒரு மணி நேரம் வெள்ளை. ஆனால் என் தாளில் மூன்றாம் மணிக்கு எதிரே இரண்டு என்று இருந்தது. நாலாம் மணிக்கு உரியதை ஒரு வரி மேலே எழுதியிருக்கிறேன். என் பிழை.

ரங்கநாதனின் தாளிலும் மூன்றாம் மணிக்கு எதிரே இரண்டு. பக்கத்தில் குறிப்பு வேறு: 'ஒன்று பெரிது. தெளிவாகத் தெரிந்தது.'

என் தாளின் மூலையில் மஞ்சள் விரலடையாளம் ஒன்று இருந்தது. ஊறுகாய் எண்ணெய். அலுவலகத்துக்கு ஊறுகாய் கொண்டுவருகிறவர் ரங்கநாதன்தான், நான் இல்லை. எழுதி முடித்த தாளை இன்னொரு தரம் சரிபார்க்கலாம் என்று ஒரு நாள் மேசை லாச்சியில் வைத்திருப்பது என் வழக்கம். லாச்சிக்குப் பூட்டில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கைகழுவினேன். திரும்பி வந்து மறுபடியும் கழுவினேன்.

ஒன்பதரைக்கு அவர் வந்தார். திருச்சியில் இஞ்சினியராக இருந்தவர். நல்ல வேலை கிடைக்கும்வரைதான் இது என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

"ரங்கா அண்ணா, நாலாவது கசெட், மூண்டாம் மணி. என்ன பாத்தனீங்கள்?"

"அங்க ரெண்டு இருக்கும். எழுதியிருக்கேனே."

"அது முழுக்க வெள்ளை. கண்ணாடியில பனி."

அவர் சிரித்தார். "அட! அப்ப நீ எப்படிம்மா ரெண்டுன்னு எழுதினே?"

நான் என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கக்கூடாது. அதை அவரும் அந்த நொடியில் உணர்ந்தார். சிரிப்பு மட்டும் முகத்தைவிட்டுப் போகவில்லை.

"இங்க பாரு நிஷா. ஒவ்வொண்ணையும் நாலு தடவை பாக்குறே நீ. உன்னை மாதிரி யாரு பாப்பாங்க? அப்புறம் நான் வேற எதுக்குத் தனியா? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணுன்னு வச்சுக்கோயேன்."

ஒரே கண். அந்தச் சொல் என் இமைக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது.

"மேல ஆக்கள் இருக்கினம், அண்ணா. மூண்டு பேர்."

"ஆமா, இருக்காங்க. பத்து வாரமா ஒண்ணும் ஆகலியே. மொரீன்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோ. இல்லாத ரெண்டை முதல்ல எழுதினது நீ."

உண்மைதான். அதனால்தான் அவரைவிட என்மேல் எனக்கு அதிக அருவருப்பு. அவர் என்னை நம்பிச் சும்மா இருந்தார். நான் அவரை நம்பிப் புள்ளி வைத்தேன். சந்தேகமான வெடிப்புகளை இருவருமே எண்ணவில்லை.

மொரீனின் அறைக்குப் போனேன். இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து, முதலில் என் பிழையைச் சொன்னேன். பிறகு அவருடையதை. பிறகு புள்ளிகளை. அவள் ரங்கநாதனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கால்மணி நேரத்தில் அவர் வெளியே வந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என்னைப் பாராமல் போனார். மொரீன் அவருடைய திரைக்கு முன்னால் போய் இருந்தாள். ரிமோட்டைத் தொட்டுவிட்டு முகத்தைச் சுளித்து, துணியால் துடைத்தாள்.

"நீ உன் அறையில் பார். நான் இங்கே பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைவரை என்னோடு எண்ணிக்கையைப் பற்றிப் பேசாதே," என்றாள் ஆங்கிலத்தில்.

ஏழு கசெட்டுகளையும் முதலிலிருந்து பார்த்தேன். இந்த முறை புள்ளி வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓம் அல்லது இல்லை. இரண்டு நாள் இரவும் பகலுமாக அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் படர்வதும் கிழிவதும், கொப்புளம் ஊதி உடைவதும், சீழ்போலக் குழம்பு வழிவதும். முன்பு அதை அழகு என்று எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை உறைகளைத் திறந்தோம். எனக்கு இருபத்துமூன்று. மொரீனுக்கு இருபத்தொன்று. இருவருக்கும் பொருந்தாத இரண்டையும் திரும்பப் பார்த்தோம், முடிவாகவில்லை. எப்படியும் இருபதுக்கு மேல். அவள் ரேடியோவை எடுத்து, ஏறவேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் யாரோ சலித்துக்கொள்வது கேட்டது. காலநிலை நன்றாக இருக்கிறதாம்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் என் மேசைக்கு மேலே ஒரு படம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அதே மூன்று பேர் ஏறியபோது விளிம்பில் நின்று எடுத்தது. ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே எங்கள் இருவர் பெயரையும் எழுதி நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த வாரத்துக் கணக்கு பதினெட்டு.

கோப்பில் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். ஓரத்துப் பென்சில் புள்ளிகளை விரல் வைத்து எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். இரண்டு முறையும் பதினொன்று. அதில் மூன்று உண்மையென்றாலே இருபதைத் தாண்டியிருக்கும்.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அதையும் தாளையும் எடுத்துக்கொண்டு மொரீனின் கதவைத் தட்டினேன்.