ஹரல்டுக்கு வைத்த தட்டு

கிழவர் ஹரல்ட் இல்லாமல் அந்தப் பறங்கிக் குடும்பம் முதன்முதலாகக் கடற்கரைக்குப் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் ஆண்டு ஓகஸ்டில். மட்டக்களப்புப் பட்டினத்திலிருந்து தோணியில் வாவியைக் கடந்து, கல்லடிக்கு அப்பால் அவர் கட்டிய தென்னோலைக் கிடுகு வீட்டில் இரண்டு கிழமை கிடப்பது வழக்கம். மணல்தரை. கதவுக்குப் பதில் ஒரு பலகை. உருப்படியான கட்டில் ஒன்று, நாற்காலி ஒன்று. இரண்டும் கிழவருக்கு. மற்றவர்களுக்குப் பாய்.

இந்தமுறை ஒரே மகன் ஐவன் முன்னால் நடந்தான். அரசாங்கக் கச்சேரியில் மற்றவர் எழுதியதைப் பார்த்து எழுதுவது அவன் வேலை. வீட்டில் மனைவி வயலட் சொன்னதைச் செய்வது வேலை. அப்பன் செத்ததும் அதிகாரம் தனக்கு வந்துவிட்டதென்று நம்பினான். கிழவரின் தொப்பியைப் போட்டான். அது காதுவரை இறங்கியது. கிழவரைப் போல விசில் ஊதித் தன் பிள்ளைகளைக் கடலிலிருந்து கூப்பிட்டான். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தூரம் போனார்கள்.

இரண்டாம் நாள் மீன்காரன் சாலிஹ் பெரிய பாரை ஒன்று கொண்டுவந்தான். சமைத்தது நோறா, ஐவனின் அக்கா. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களைப் வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பியவர் ஹரல்ட். கடைசிக் காலத்தில் அவரைத் தூக்கிப் புரட்டியவள் அவள். இங்கும் அடுப்படி அவளுக்குத்தான் என்று எல்லாரும் பேசாமலே முடிவுசெய்திருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் ஐவன் வெறும் நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தான். அதில் மீன்தலையை எடுத்துப் போட்டு, சிலுவை அடையாளம் இட்டு, கண்ணைத் துடைத்தான்.

"பப்பாக்கு பாரைத் தலையெண்டா உசிர்."

நோறா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆருக்கு உசிர்? நானும் அவரும் தனிய இரிக்கக்குள்ள தலையப் பூனைக்குப் போடச் சொல்லுவார். நீ வந்தா மட்டும் தன்ட தட்டுல எடுத்து வைப்பார். உனக்கு அதுல ஆசையெண்டு அவருக்குத் தெரியும்."

"செத்த மனிசன்ட பேர்ல பொய் சொல்லாத கா!"

"பொய்யெண்டா, அவர் அதத் திண்டு முடிச்சத நீ ஒரு நாளாவது கண்டயா?"

ஐவன் தட்டைப் பார்த்தான். கிழவர் கிண்டுவார், ஒதுக்குவார், வாசலில் நிற்கும் நாய்க்கு வீசுவார். அதைப் பார்த்து எச்சில் விழுங்கியே அவன் வளர்ந்திருந்தான்.

நோறா நாற்காலியில் உட்கார்ந்து தட்டை இழுத்தாள். கண்ணைப் பிடுங்கி வாயில் போட்டாள். எலும்பை உறிஞ்சினாள். ஒருநாளும் அவள் பக்கம் பேசாத வயலட் குழம்புச் சட்டியை அவளிடம் தள்ளிவிட்டாள். நடுவில் நோறாவின் கண் கலங்கியது.

"முள்," என்றாள். வாயில் இருந்தது வெறும் சதை என்பது வயலட்டுக்குத் தெரியும்.

ஐவன் எழுந்தான். "இந்த வீட்டுல மரியாதை இல்ல. நான் பட்டினத்துக்குப் போறன்."

"போ. மறுகா வந்து சோறு கேளாத."

அவன் துறைக்குப் போனான். கச்சான் காற்று பலமாக வீசியதால் தோணிக்காரர்கள் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். காற்று தொப்பியைத் தூக்கி வாவியில் எறிந்தது. முழங்கால்வரை இறங்கிப் பார்த்துவிட்டு, சேறு அப்பிய காற்சட்டையோடு பொழுதுசாயத் திரும்பிவந்தான். பிள்ளைகளில் ஒன்று அவன் காலைப் பார்த்துச் சிரித்தது.

"சட்டிக்க சோறு இரிக்கு," என்றாள் நோறா. "திண்டு போட்டுக் கழுவி வை."

தின்றான். கழுவியும் வைத்தான்.

அடுத்த நாள் மீன் வெட்ட உட்கார்ந்ததும் அவன்தான். செதில் தலைமயிரெல்லாம் ஒட்டியிருந்தது. நோறா கட்டிலில் கால்நீட்டிப் படுத்தபடி, உப்பைக் கொஞ்சமாகப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.