மாதிரிக் காசு

எங்க கட்டிலோட நாலு காலும் இப்ப மிஷினுக்குக் கால். நாங்க தரையில படுக்கறோம். அதுலயும் காலை நீட்ட முடியாது, சுத்தி மூட்டை. மூட்டை நிறையக் காசு. கேக்கறவங்களுக்கு வயிறெரியும். வந்து ஒரு நாள் படுத்துப் பாக்கட்டும்.

என் வீட்டுக்காரர் காசு போட்டா காபி ஊத்துமே, அந்த மிஷினை ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தவர். கம்பெனியை இழுத்து மூடினதும், தலைக்குள்ள ஒரு யோசனையோட வீட்டுக்கு வந்தாரு. அந்த மிஷின்ல போடற சின்னக் காசோட பழைய அச்சுல வெள்ளி கலந்திருக்குமாம். புது அச்சுல வெறும் செம்பும் நிக்கலும். ரெண்டும் ஒரே அளவு, ஒரே முகம். வருஷம் போட்ட இடம் தேய்ஞ்சு வழவழன்னு கிடக்கும். காந்தத்துல ரெண்டுமே ஒட்டாது. "கண்ணு ஏமாத்தும், மிஷின் ஏமாத்தாது"ன்னு சொல்லி, எங்க சேமிப்பு மொத்தத்தையும் சில்லறையா மாத்திக் கொண்டாந்து இறக்கினாரு.

மிஷின்னா பெரிசா ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. மேல, அடியில ஓட்டை போட்ட ஒரு பக்கெட். அதுலேர்ந்து காசு ஒண்ணொண்ணா உருண்டு இறங்கும். கீழ பக்கத்துப் பக்கத்துல ரெண்டு செப்புக் கம்பிச் சுருள். ஒரு சுருள்ல மாதிரிக்குன்னு ஒரு வெள்ளிக் காசு, விளிம்புல அரம் போட்ட கீறலோட. இன்னொரு சுருள் வழியா உருண்டு வர்ற காசு, இந்த மாதிரிக் காசோட ஒத்துப்போனா டிபன் டப்பாவுல விழும். இல்லைன்னா திரும்பவும் மூட்டைக்கு.

நாள் பூரா ஓட்டினா நாலஞ்சு விழும். ஒண்ணும் விழலைன்னா "சுருளைச் சரி பண்ணணும்"னு உக்காருவாரு. விழுந்துச்சுன்னா "பாத்தியா!"ன்னு உக்காருவாரு. ஆக மொத்தம் எந்திரிக்க மாட்டாரு. விழுந்ததை அன்னைக்கே வெள்ளிக்கடையில கொடுத்துடுவாரு, அவங்களும் உடனே உருக்கிடுவாங்க. அதுலதான் அரிசி, பருப்பு.

மிச்சத்தைக் கரைக்கறது என் வேலை. பேங்க்ல ஒரு தடவைக்கு ஒரு பைதான் வாங்குவாங்க. என் தலையைப் பாத்ததுமே கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு சாப்பாட்டு நேரம்னு பலகையைத் திருப்பிடும். ஒரு மாசம் வாடகையைச் சில்லறையாக் கொண்டு போனேன். "எந்த உண்டியலை உடைச்சீங்க?"ன்னு கேட்டாங்க ஓனரம்மா. சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன். மாடிப்படியில நின்னு அழுதேன்.

இந்த லட்சணத்துல, நான் முன்ன வேலை பாத்த தையல் கம்பெனி மேனேஜரம்மா கூப்பிட்டாங்க. வேற ஊர்ல புதுக் கிளை. நான்தான் சூப்பர்வைசர். குடியிருக்க ரெண்டு ரூம் வீடு, ரெண்டுலயும் ஜன்னல். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் போன் பண்றேன். வர்றியா இல்லையான்னு சொல்லிடு. எடுக்கலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்"னாங்க. எனக்குப் போயே ஆகணும். ஆனா இவரை என்ன பண்றது? சுருளோட உக்காந்தா சோறு தண்ணி மறந்துடற மனுஷன். விட்டுட்டுப் போனா எனக்கு அங்க ஒரு வாய் இறங்குமா? கூட வாங்கன்னா, "இந்த மூட்டை முடியட்டும்"னாரு. எத்தனை மூட்டைக்கு இதையே கேக்கறது!

வெள்ளிக்கிழமை காலையில அவர் குளிக்கப் போனாரு. நான் சுருள்ல இருந்த மாதிரிக் காசை எடுத்துட்டு, ஒரு சாதாக் காசை வைச்சேன். டப்பா ரொம்பும், கடைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு, அங்க உரசிப் பாத்துச் சிரிப்பாங்க, மிஷின் மேல இருக்கற பைத்தியம் விட்டுடும். இதுதான் என் திட்டம். எடுத்த காசைக் கையில வைச்சிருந்தா மனசு இளகித் திருப்பிக் கொடுத்துடுவேன். அதனால மூட்டைக்குள்ள போட்டு, முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கினேன்.

டப்பா ரொம்பிச்சு. சட்டி எடுத்து வைச்சாரு, அதுவும் ரொம்பிச்சு. என் தோளைப் பிடிச்சு உலுக்கினாரு, கண்ணெல்லாம் தண்ணி. "நம்ம கஷ்டம் விடிஞ்சுடுச்சும்மா!" அடப்பாவி மனுஷா, இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழட்டாம உள்ள வந்து மூட்டை மேல உக்காந்தாரு.

"எல்லாம் சாதாக் காசு. கடைக்காரர் சிரிக்கலை. தண்ணி கொடுத்து உக்கார வைச்சாரு." கொஞ்ச நேரம் தன் கையையே பாத்துக்கிட்டிருந்தாரு. "எனக்கு வேலை மறந்து போச்சு போல. போன் வந்தா ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லிடு."

ஜெயிச்சுட்டேன். வாயை மூடிக்கிட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்தா போதும். ஆனா அந்த மூஞ்சியைப் பாக்க முடியலைங்க.

"உங்க மேல தப்பில்லைங்க. மாதிரிக் காசை நான்தான் மாத்தி வைச்சேன்."

திட்டுவாருன்னு நின்னேன். அவருக்கு முகம் அப்படியே மலர்ந்து போச்சு.

"அப்ப மிஷின் சரியாத்தான் பொறுக்கியிருக்கு! சாதாக் காசை வைச்சே, சாதாக் காசாப் போட்டிருக்கு. ஒண்ணுகூடப் பிசகலை பாரு!"

ஏன்டி இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

"மாதிரிக் காசு எங்க?"

"மூட்டையில."

"எந்த மூட்டை?"

கலக்கினது எதுன்னு எனக்கே குழப்பமா இருந்துச்சு. அவர் ஒவ்வொரு மூட்டையா இழுத்து அவுத்துக் கொட்டினாரு. உள்பக்கம் திறக்கற கதவு எங்களுது. காசுக் குவியல் அதுல பாதி உயரத்துக்கு ஏறி நின்னுச்சு.

போன் அடிச்சுது. கை எட்டற அலமாரியிலதான் இருந்துச்சு.

"அப்புறம் பேசிக்கலாம்மா. அந்தப் பக்கம் நீ பாரு. விளிம்பைத் தடவினா கீறல் தட்டுப்படும்."

வர்றோம்னு சொல்லவா? நான் மட்டும் வர்றேன்னு சொல்லவா? உக்காந்தேன். ஒரு கை அள்ளினேன். போன் அடிச்சு ஓய்ஞ்சுது. விரல் பாட்டுக்கு ஒண்ணொண்ணா விளிம்பைத் தடவிக்கிட்டே போச்சு. அந்தக் காசு கிடைச்சுடணுமேன்னு நானே வேண்டிக்க ஆரம்பிச்சிருந்தேன்.