அத்தானின் விதிகளும் அக்காவின் மூச்சும்

ஆஸ்துமாக்காரியான என் அக்கா ஏழு மாடியை ஒரே தம்மில் ஏறினாள். ஏறும்போதே புருஷனைத் திட்டவும் செய்தாள். நம்பாவிட்டால் போங்கள்.

நானும் அத்தானும் ஒரே நிலையத்தில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் டாக்டர்களாக இருந்தோம். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், இரண்டு இன்ஹேலர்களில் எது மேல் என்ற கேள்வி வந்தது. பழையது வீரியமானது, ஆனால் நாலு வேளை குலுக்கி, இழுத்து, மூச்சடக்கி, வாய் கொப்பளித்து ஒரு சர்க்கஸே நடத்த வேண்டும். புதியது கொஞ்சம் சாது; காலையில் ஒரு இழுப்பு, முடிந்தது.

அத்தான்தான் விதிகளை வகுத்தார். சர்க்கரை இருக்கக் கூடாது, ரத்தக்கொதிப்பு இருக்கக் கூடாது, மறதி கூடவே கூடாது. ஒவ்வொரு இழுப்பையும் நர்ஸ் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஊரையே சல்லடை போட்டுச் சலித்ததில் ஒரே ஒருவர் தேறினார்; அவருக்கும் ஆஸ்துமா இல்லை. சரி, சரி, ஒரு கைப்பிடிப் பேர் தேறினார்கள். பழையதுதான் ஜெயித்தது.

அக்காவிடமும் பழையதுதான் இருந்தது, அலமாரியில் பத்திரமாக; வேளாவேளைக்கு எடுக்கத்தான் மறந்துவிடுவாள். இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

"அத்தான், உங்க பொண்டாட்டியே உங்க சோதனையில சேர முடியாது. அப்புறம் யாருக்கு இந்த மருந்து?"

"கண்டவங்களையும் சேர்த்தா அது சோதனையா மச்சான், சந்தையா?"

"சந்தையில இருக்கிறவங்களுக்குத்தானே மூச்சு வாங்குது?"

சந்தையையே கூட்டி வந்தேன். சர்க்கரைக்காரர், மறதிக்காரர், ஒருவரையும் விடவில்லை. யாருக்கு எந்த இன்ஹேலர் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. நர்ஸ் காவல் கிடையாது. அவரவர் வீடு, அவரவர் இஷ்டம். அக்காவும் வேறொரு டாக்டரிடம் பெயர் கொடுத்தாள். அவளுக்குப் புதியது விழுந்தது.

ஒரு வருடம் கழித்து, நிலையத்தின் மேல்மாடியில் முடிவு சொல்லும் கூட்டம். அத்தான் கையெழுத்துப் போட்டால்தான் புதியது எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள், பழையதோடு பார்த்தால், புதியதில் பாதிதான் என்று திரையில் வந்ததும் நான் நாற்காலியைவிட்டுத் துள்ளினேன். அத்தான் அசையவில்லை.

"திரையில எது வேணா ஓடும், மச்சான்."

அப்போது படிக்கட்டில் ஒரு குரல், மாடிக்கு மாடி பெரிதாகிக்கொண்டே வந்தது. "சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்திருக்கீங்களே, என்ன மனுஷன் நீங்க! கண்ணாடியையும் விட்டுட்டு..."

"லிஃப்ட்ல வந்திருப்பா," என்று முனகியபடி அத்தான் போய் எட்டிப் பார்த்தார். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று பலகை தொங்கியது. படியில் அக்கா, சுவரைத் தொடாமல், வாயையும் மூடாமல்.

"ஏழு மாடி, அத்தான்!" என்று கத்தினேன்.

"நாலு," என்று திருத்தினார். பிறகு சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டே சொன்னார்: "ஆனா ஏறிட்டா, மச்சான். நிஜமாவே ஏறிட்டா."